கொசுறாகப் போன கறுப்பு டப்பா

துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கட்டி அனுப்பிய துணி, கட்டிய முடிச்சு கூடக் கலையாமல் திரும்பி வந்தது. ஏன் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முடிச்சை அவிழ்த்ததும் லாண்டரி முழுக்கப் பெட்ரோல் பங்க் மணந்தது.

அக்கா முடிச்சை மறுபடி போட்டார். வெந்நீர்த் தொட்டியின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மறுபடி அவிழ்த்தார். வேறென்ன செய்வது?

அக்கா என்பது ஊர் வைத்த பெயர். வயதில் மூத்தவர்கள் கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். லாண்டரி அவருடையது. ஒரு காலத்தில் ஓட்டல் துணி வந்தது, சலூன் துண்டு வந்தது, கல்யாண வீட்டு ஜமக்காளம் வந்தது. ஓட்டல்காரர்கள் சொந்தமாக மெஷின் வாங்கிக்கொண்டார்கள். சலூன்காரர்கள் காகிதத் துண்டுக்கு மாறிக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது மேட்டுத் தெருவில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றுதான். அதுவும் போனால் லாண்டரியில் இருக்கப்போவது அக்காவும் வெந்நீரும் மட்டுமே.

அந்த ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோகும் பழைய பெட்ரோல் லாரியை ஓட்டுகிறவர் அக்காவின் வீட்டுக்காரர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. கடைத்தெருவில் அவர் பெயர் அரைவிலை. எந்தக் கடைக்காரர் எந்த விலை சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். பரம்பரை ஜவுளி வியாபாரக் குடும்பம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கே அப்பாவிடம் பேரம் பேசிய வீடு. ஒருமுறை பல் டாக்டர் இரண்டு பல்லைப் பிடுங்கியாக வேண்டும் என்றபோது, ரெண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று வாயைத் திறந்தபடியே கேட்டவர். டாக்டர் குறைக்கவில்லை. ஒரு பல்லை மட்டும் பிடுங்கவிட்டு எழுந்து வந்துவிட்டார். இன்னொன்று இன்றைக்கும் வலிக்கிறது. ஆனாலும் அந்த டாக்டரிடம் தோற்கவில்லை என்ற திருப்தி அவருக்கு இருக்கிறது.

பெட்ரோல் வாசனைக்கும் அந்தத் திருப்திக்கும்தான் சம்பந்தம்.

லாரியின் கார்புரேட்டர் தேய்ந்துபோய், வண்டி பெட்ரோலை மடக் மடக்கென்று குடித்தது. மாற்றிவிடுங்கள் அண்ணே என்றார் மெக்கானிக். பழைய சாமான் விற்கும் தராசு என்பவரின் கடையில் வேறு மாடல் கார்புரேட்டர் ஒன்று கிடைத்தது. தராசு என்பதும் பட்டப்பெயர்தான். கடை வாசலில் பெரிய தராசு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, எந்தத் தட்டும் தனக்கு எதிராகச் சாயாமல் பார்த்துக்கொள்கிற மனிதர். இப்படி இரண்டு பேர் சந்தித்தால் என்ன ஆகும்? காலையில் ஆரம்பித்த பேரம், நிழல் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும்வரை நடந்தது. இவர் ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றார். அவர் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றார். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. சின்னதுதான், ஆனால் இரண்டு பேருடைய மானமும் அதற்குள் இருந்தது.

அப்போதுதான் அரைவிலைக்கு அந்த யோசனை வந்தது. மாற்றுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருந்த பழைய கார்புரேட்டரோடு சாக்கில் ஒரு கறுப்பு டப்பாவும் கிடந்தது. இன்ஜின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த டப்பா. கை நுழைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று மெக்கானிக் கழற்றி அதே சாக்கில் போட்டிருந்தார். இதையும் கொசுறா வச்சுக்குங்க என்று எடுத்து நீட்டினார் அரைவிலை. தராசு அதை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ சரசரத்தது. என்னவென்று அவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. கொசுறுக்கு அதுதான் அழகு. வியாபாரம் முடிந்தது. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டு டீ குடித்தார்கள்.

புதுக் கார்புரேட்டர் வண்டியில் ஏறியது. மிச்சமாக இரண்டு ரப்பர் குழாய்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பெட்ரோல் டேங்கிலிருந்து வண்டியின் அடி வழியாக வந்த நீளமான குழாய் ஒன்று. கார்புரேட்டரின் இடுப்பிலிருந்து புறப்பட்ட குட்டைக் குழாய் இன்னொன்று. இவை முன்னால் எங்கே போய்க்கொண்டிருந்தன என்று மெக்கானிக் யோசித்திருக்கலாம். அவர் அந்தச் சுபாவம் உள்ளவர் இல்லை. திறந்த வாய் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். இரண்டிலும் ஆளுக்கொரு போல்ட்டைச் செருகி இறுக்கிவிட்டு, முடிஞ்சுது அண்ணே என்றார்.

முடியவில்லை. ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. டேங்க் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றை உறிஞ்சியது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடியது. அடைத்த டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய, உள்ளே வெற்றிடமாகி, இன்ஜினுக்குப் பெட்ரோல் வரவில்லை. நிழலில் இந்தக் கதை. வெயிலில் நிறுத்தினால் நேர்மாறு. டேங்க் சூடாகி ஆவி பெருகி, பெட்ரோலை முன்னால் தள்ளி, கார்புரேட்டர் வழிந்து இன்ஜின் மேல் சொட்டியது. மூடியைத் திறந்த அரைவிலையின் சட்டை மேல் டேங்க் ஒரு வாய் துப்பியது.

சரி, அடைத்தால்தானே வம்பு என்று டேங்க் குழாயின் போல்ட்டைப் பிடுங்கினார் மெக்கானிக். குழாயை நீட்டி, வண்டிக்குப் பின்னால் துணிப் பெட்டிக்கு அடியில் திறந்துவிட்டார். நீட்டுவதற்கு ஹோஸ் வாங்கிவந்தவர் அரைவிலை. பெட்ரோலுக்கென்று இருக்கும் ஹோஸ் விலை கூடுதல் என்று, பாதி விலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பைப் வாங்கினார். அது பெட்ரோல் ஆவியைக் குடித்து ஊறி, இரை விழுங்கிய பாம்பு மாதிரி உப்பியது. ஆவி பலகை இடுக்கு வழியாகப் பெட்டிக்குள் ஏறியது. பெட்டிக்குள் இருந்தது, பிரசவமான பெண்களும் பிறந்த குழந்தைகளும் படுக்கப்போகும் வெள்ளை விரிப்புகள்.

அப்புறம் மெக்கானிக்குக்கு இன்னொரு யோசனை. இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்து, டேங்க் ஆவியை நேராக இன்ஜினுக்கே குடிக்கக் கொடுத்தார். வண்டி சும்மா நிற்கும்போது இருமியது. சிக்னலில் கறுப்புப் புகை விட்டுச் செத்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரனிலேயே வைதார்கள். பிரித்துவிட்டு, டேங்க் குழாயை மறுபடி திறந்துவிட்டார்கள். இப்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கம்பியால் கட்டி.

இதில் பெரிய கொடுமை, வாசனை இருக்கிறதென்றே இந்த இரண்டு ஆண்களும் ஒத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக்கின் மூக்கு வருஷக்கணக்காகப் பெட்ரோலில் ஊறி எப்போதோ வேலையை விட்டுவிட்டது. அரைவிலைக்குச் சைனஸ். திரும்பி வந்த விரிப்பைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னால், இருவரும் மாறி மாறி உறிஞ்சிவிட்டு, நல்லாத்தானே இருக்கு என்பார்கள். அக்கா அவர்களோடு வாதாடுவதை நிறுத்திவிட்டார். வாதாடுகிற நேரத்தில் ஒரு தொட்டி துணியை அலசிவிடலாம்.

அலசினார். சோப்பில் போகவில்லை. சலவைச் சோடாவைக் காய்ச்சி ஊறவைத்தார், கொஞ்சம் போயிற்று. கொதிக்கும் சோடாத் தண்ணீரில் போட்டு, வினிகர் விட்டு அலசி, மொட்டை வெயிலில் நாள் முழுக்கப் போட்டார், போயிற்று. மறுநாள் அதே லாரியில் ஏற்றி அனுப்பினார், வந்துவிட்டது. ஒரே விரிப்பை ஒரு வாரத்தில் எத்தனை முறை துவைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. விரல் நுனிகள் வெந்து, இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் சுருக்கென்றது. ராத்திரி படுத்தால் உடம்பு தூங்கியது, கை தூங்கவில்லை.

வாடகை வண்டி பிடித்தால் என்ன என்று கேட்கலாம். பிடித்தார்கள், ஒரே ஒரு தடவை. அந்த வண்டி முந்தின நாள் உரம் ஏற்றியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி மேட்ரன் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். மேட்ரன் கோபக்காரி இல்லை. கோபக்காரியாக இருந்தால் சமாளித்துவிடலாம். நாற்காலி கொடுத்து, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் பேசினார்.

"பொறந்த குழந்தை மூக்குல முதல் முதலா ஏறுற வாசனை பெட்ரோலா இருக்கக் கூடாது அக்கா. எனக்கு வேற வழி தெரியல. திங்கக்கிழமை வர்ற துணியும் இப்படியே இருந்தா, பஸ் ஸ்டாண்டு லாண்டரிக்குச் சொல்லிடுவேன். அவங்க தயாரா இருக்காங்க."

அக்கா சரி என்றார். தான் மேட்ரனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம் என்று படியிறங்கும்போது தோன்றியது. அது இன்னும் அலுப்பாக இருந்தது.

லாண்டரி வாசலில் பானட்டைத் திறந்துவைத்து, இரண்டு ஆண்களும் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயை இப்போது மேலே, கூரைக்குக் கொண்டுபோகலாமா என்று பேச்சு. அக்கா பையை வைத்துவிட்டு வந்து நின்றார். அவருக்கு வண்டியைப் பற்றித் தெரியாது. ஆவியைப் பற்றித் தெரியும். துணி உலர்த்தும் அறையின் ஜன்னலை மூடினால் துணி புழுங்கிப்போகும். திறந்துவிட்டால் பக்கத்து அறையில் இஸ்திரி போட்டது நசநசக்கும். ஆவிக்கு ஒரு போக்கிடம் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"இந்தக் குழாய் முன்னாடி எங்க போச்சு?" என்று கேட்டார்.

மெக்கானிக் தலையை வெளியே எடுத்தார். "முன்னாடியா? முன்னாடி இங்க ஒரு கறுப்பு டப்பா இருந்துச்சுக்கா. அதுக்குள்ள போகும்."

"அந்த டப்பா எங்க?"

மெக்கானிக் அரைவிலையைப் பார்த்தார். அரைவிலை தெருவில் யாரோ தெரிந்தவர் போவதைப் போல அந்தப் பக்கம் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை.

பிறகு உண்மை மெல்ல மெல்ல வந்தது. மெக்கானிக் தன் குருவுக்குப் போன் போட்டார். குரு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கூடவே சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய சிலதையும் சொன்னார். டப்பாவுக்குள் இருப்பது கரி. வண்டி நிற்கும்போது டேங்கிலிருந்து வரும் ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது குட்டைக் குழாய் வழியாக இன்ஜின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எரித்துவிடும். உள்ளே அடைந்தும் கிடக்காது, வெளியே நாறவும் நாறாது.

"கிளம்புங்க," என்றார் அக்கா.

அரைவிலை நகரவில்லை. கடைத்தெருவில் தனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, கொசுறாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட ஆள் என்று நாளைக்குப் பிள்ளைகள் கூடச் சிரிக்கும், அதுவும் போயும் போயும் தராசிடம் என்று நீளமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எப்படி நடப்பது என்று முடித்தார்.

"நடக்க வேணாம். வண்டியிலயே போலாம், அது ஓடுச்சுன்னா."

போகும் வழியெல்லாம் அரைவிலை பாடம் எடுத்தார். டப்பா என்ற பேச்சை முதலில் எடுக்கக் கூடாது. பக்கக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கண்ணாடி விலையைக் கேட்டு, வேண்டாம் என்று கிளம்பி, வாசல் வரை வந்து, அப்புறம் சும்மா நினைவு வந்த மாதிரி, ஆமா அன்னைக்கு ஒரு டப்பா கிடந்ததே என்று இழுக்க வேண்டும். முகத்தில் ஆசை தெரியக் கூடாது. அக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். கடைக்குள் நுழைந்ததும் சொன்னார்:

"அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் குடுத்த கறுப்பு டப்பா வேணும். அது இல்லாம வண்டி நாறுது."

அரைவிலை கண்ணை மூடிக்கொண்டார்.

தராசு சிரிப்பார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார். அதே டப்பாதான், ரம்பத்தால் நடுவில் இரண்டாக அறுத்தது. உள்ளே காலி.

"கரியெல்லாம் எங்க போச்சுன்னு கேளுங்க," என்றார் தராசு.

கடை மூலையில் ஒரு பெரிய மீன்தொட்டி இருந்தது. தண்ணீர் இருந்தது, கூழாங்கல் இருந்தது, ஒரு பிளாஸ்டிக் கோட்டை இருந்தது. மீன் இல்லை. கரி போட்டால் தண்ணீர் பளிங்காக இருக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்த தராசு, டப்பாவை அறுத்துப் பார்த்ததும் பூரித்துப்போயிருக்கிறார். நல்ல உருண்டைக் கரி, ஓசியில். கொசுறு கொடுத்தவன் ஏமாளி என்று அதைத் தொட்டியின் வடிகட்டியில் கொட்டினார். வருஷக்கணக்கில் பெட்ரோல் குடித்த கரி. காலையில் கடை திறக்கும்போது மீன்களெல்லாம் ஒருக்களித்து மிதந்தன. கரியை வீசிவிட்டு, தொட்டியைக் கழுவி, வேறு மீன் வாங்கி விட்டார். அவையும் மிதந்தன. மறுபடி வாங்கினார், மறுபடியும்.

"கல்லாவுல நான் வந்து உக்காந்தா, அதுங்க கண்ணாடிகிட்ட வந்து நிக்கும்," என்றார் தராசு. "இங்க வர்றவங்கள்ல குறைச்சுக் கேட்காம என்னைப் பார்த்தது அதுங்க மட்டும்தான்."

அவர் தலைக்கு மேல் ஒரு கொக்கியில் வேறு ஒரு கறுப்பு டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. அறுக்காத முழு டப்பா, உடைத்த லாரி ஒன்றிலிருந்து வந்தது. அரைவிலையின் கண் அதன் மேல் பட்டு, உடனே விலகியது. தொழில் பழக்கம். தராசின் கண் அதைப் பார்த்தது. அதுவும் தொழில் பழக்கம்.

"அது என்ன விலை?" என்று கேட்டார் அரைவிலை.

"சொல்ல மாட்டேன்."

"ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க."

"பேச்சுக்கும் சொல்ல மாட்டேன்."

"விலை சொல்லலைன்னா எப்படிங்க வாங்குறது?"

"எனக்கும் அதுதான் தெரியல," என்றார் தராசு.

அரைவிலை வாழ்க்கையில் இப்படி ஓர் இடத்தில் நின்றதில்லை. எவ்வளவு கொடூரமான விலையையும் அவர் பாதியாக்கிவிடுவார். ஆனால் எதில் பாதி? சொல்லாத விலைக்குப் பாதி கிடையாது. தானாக ஒரு தொகையை முதலில் சொல்வதும் முடியாது. அப்பாவும் பாட்டனும் கனவில் வந்து அடிப்பார்கள். அங்கே ஒரு கை வைத்தார், இங்கே ஒரு கால் வைத்தார். பக்கக் கண்ணாடி விலையைக் கேட்டார். மீனைப் பற்றி விசாரித்தார். எந்த வகை, எவ்வளவு பெரிசு, வாங்கி எத்தனை காலம் ஆச்சு. கடைசியில், துக்கம் விசாரிக்கிற குரலிலேயே, அந்த வார்த்தையைச் சொன்னார்:

"எப்படியும் என்னைக்காவது ஒரு நாள் சாகுற மீன்தானே."

தராசு எழுந்தார். கொக்கியிலிருந்து டப்பாவை எடுத்தார். இழுப்பறையில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபடி உட்கார்ந்தார்.

அக்காவால் நிற்க முடியவில்லை. கோபம் கூட வரவில்லை. அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. மூலைக்குப் போய் மீன்தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்ற இடத்தில் கை சும்மா இருக்கவில்லை. ஒரு கூழாங்கல்லை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணாடியின் உட்பக்கத்தை விரலால் வழித்து, கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார்.

"இதை எதுல கழுவினீங்க?"

"சோப்புலதான்."

"சோப்புல போகாது. கல்லுக்குள்ள ஏறியிருக்கு. கண்ணாடி ஓரத்துல பசையிலயும் ஏறியிருக்கும். சோப்பு வேற ஒட்டிக்கிட்டிருக்கு, அதுவே மீனைக் கொல்லும்." அக்கா கல்லைத் தொட்டிக்குள் போட்டார். "ரெண்டு வாரமா நான் இந்த எழவைத்தான் துவைச்சுக்கிட்டு இருக்கேன். சோடாவுல கொதிக்க வைக்கணும். ஒண்ணுக்கு நாலு தரம் அலசி, வெயில்ல போடணும். வடிகட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க, அது தேறாது. மீன் என்னால குடுக்க முடியாது. மீன் சாகாத தொட்டி குடுக்க முடியும்."

தராசு வெகுநேரம் அவரைப் பார்த்தார். ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. பேரம் பேசியே வளர்ந்த மனிதர்களுக்கு, நேராகச் சொன்ன வார்த்தையை நம்பக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அக்காவின் முகத்தில் அலுப்பைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. வெந்து உரிந்த விரல்களையும் பார்த்தார் போல. சாவியை எடுத்தார்.

டப்பாவோடு ஒரு சுருள் ஹோஸையும் மேஜை மேல் வைத்தார். பெட்ரோலுக்கென்றே உள்ள கெட்டி ரகம். "தண்ணி பைப்பை மாட்டித் தொலைக்காதீங்க," என்று அரைவிலையைப் பார்க்காமல் சொன்னார். அரைவிலை வாயைத் திறந்தார். குழாயை இறுக்கும் கிளிப்பைக் கொசுறாகக் கேட்கப்போகிறார் என்று மனைவிக்குத் தெரிந்தது. "தொட்டியைப் புடிங்க," என்றார் அக்கா. அவர் தொட்டியைப் பிடித்தார்.

மறுநாள் மெக்கானிக் டப்பாவை மாட்டினார். இந்த முறை அவசரப்படவில்லை. டப்பாவின் ஒவ்வொரு மூக்கிலும் வாய் வைத்து ஊதி, எது எங்கே திறக்கிறது என்று பார்த்தார். டேங்கிலிருந்து வந்த நீளக் குழாயை ஒன்றில் மாட்டினார். சைலன்சர் சூடு படாமல் மேலே தூக்கி, நடுவில் தொய்ந்து பெட்ரோல் தங்காதபடி கிளிப் போட்டுக் கட்டினார். குட்டைக் குழாயை இன்னொன்றில் மாட்டி, கார்புரேட்டரில் வேறு ஓர் இடத்துக்குக் கொண்டுபோனார். வண்டி சும்மா நிற்கும்போது உறிஞ்சாமல், ஆக்சிலேட்டரை மிதித்த பிறகே உறிஞ்சும் இடம் அது. சிக்னலில் இருமாமல் இருப்பதற்கு. மூன்றாவது மூக்கு பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின் ஆவிக்கானது. புதியதில் அந்த ஆவி உள்ளுக்குள்ளேயே போய்விடும் என்பதால் அதற்கு ரப்பர் மூடி போட்டார். டப்பாவின் அடியில் ஒரு ஓட்டை திறந்திருந்தது. அவர் கை தானாகச் சட்டைப்பையில் போல்ட்டைத் தேடியது. உடனே அவரே கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

"இது திறந்தே இருக்கணும்க்கா. நல்ல காத்து உள்ள வர்ற வழி. இதை அடைச்சா மறுபடி முதல்லேர்ந்துதான்," என்றார். சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அப்போது கூழாங்கல் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தொட்டியில் ஆஸ்பத்திரி விரிப்பு, ஒரு தொட்டியில் தராசின் கல். அரைவிலை கண்ணாடித் தொட்டியை வாசலில் போட்டு, சோடாத் தண்ணீரும் பிரஷுமாகத் தேய்த்தார். தேய்த்தது போதுமா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அக்கா விரலால் வழித்துப் பார்த்து, இல்லை என்றார். மூன்றாவது முறை அவர் கேட்கவில்லை, தேய்த்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொட்டி தராசின் கடைக்குத் திரும்பிப் போயிற்று. மீன் பிழைக்கிறதா என்பது மீன் வாங்கிய பிறகுதான் தெரியும். தராசு முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையாம். அவர் குறை சொல்லாதது அந்தக் கடைத்தெருவில் பெரிய செய்தி.

திங்கட்கிழமைத் துணியை அக்கா தன் கையாலேயே வண்டியில் ஏற்றினார். பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ராப்பகலாகச் சோடாவையும் வினிகரையும் பெட்ரோலையும் முகர்ந்து முகர்ந்து அவர் மூக்கும் ஓய்ந்துபோயிருந்தது. ஒரு நிமிஷம் எல்லாம் நாறுவது போல இருந்தது, மறு நிமிஷம் எதுவுமே மணக்கவில்லை. லாண்டரியில் இருந்த மூன்று மூக்கும் இப்போது காலி. வண்டி மேட்டில் நிற்காமல் ஏறியது, சிக்னலில் இருமாமல் நின்றது. அரைவிலை அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். வண்டி ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. துணியல்லவா பேச வேண்டும்.

மேட்ரன் முதல் மூட்டையைப் பிரித்தார். மேலே இருந்ததை விட்டுவிட்டு, நடுவிலிருந்து ஒரு விரிப்பை உருவினார். விவரமானவர். மடிப்பைப் பிரித்து முகத்தை அதில் புதைத்தார். எடுக்கவில்லை. உள்ளே எங்கோ ஒரு குழந்தை அழுது, ஓய்ந்து, மறுபடி அழுதது. அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நாறுகிறது என்று சொன்னாலும் சரி, நாறவில்லை என்று சொன்னாலும் சரி, சீக்கிரம் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

மேட்ரன் விரிப்பை மடித்தார். அடுத்த மூட்டையில் கை விட்டார். அதையும் முகர்ந்தார்.

"வெயில் வாசனை வருதுக்கா," என்றார்.

பிறகு கொஞ்சம் தயங்கி, வாங்க என்று தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப்போனார். அங்கே சுவரோரமாக மூட்டை மூட்டையாகத் துணி குவிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு லாண்டரிக்கு வெள்ளிக்கிழமையே, புதிதாகத் திறந்த மேல்மாடியின் துணியைக் கொடுத்துப் பார்த்தாராம். ஈரம் காயாமல் மடித்துக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், புழுங்கி மேலெல்லாம் புள்ளி. அவர்கள் சரிப்பட மாட்டார்கள். மேல்மாடியும் இனிமேல் உங்களுக்குத்தான், நாளைக்குள் கிடைத்தால் நல்லது, பிரசவம் நாள் நட்சத்திரம் பார்த்து வருவதில்லை பாருங்கள் என்றார் மேட்ரன்.

லாண்டரி பிழைத்துவிட்டது. அது மட்டுமா, வளர்ந்தும்விட்டது. அக்கா அந்தக் குவியலைப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டையும் எத்தனை தொட்டி, எத்தனை அலசல் என்று கை தானாகக் கணக்குப் போட்டது. சரி என்றார். ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன் என்று சொல்லி, இருந்ததில் மெத்தென்றிருந்த அழுக்கு மூட்டையாகப் பார்த்து உட்கார்ந்தார். சுவரில் தலை சாய்ந்தது. கண் மூடிக்கொண்டது.

அரைவிலை மேட்ரனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவியைப் பார்த்தார். பேச்சைக் கைவிட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அக்கா உட்கார்ந்திருந்த மூட்டையைக் கடைசிக்கு விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், கீழே வண்டிக்குச் சுமந்துகொண்டு போனார்.